கோமதி அத்தை காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள்

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். என் பெரியப்பா மகன் கார்த்திக் அண்ணா கையில் கிடைத்தால் பரவாயில்லை, அவருக்குத் தமிழ் படிக்க வராது. அப்பாவுக்கு வரும். அவர் கண்ணில் மட்டும் படவே கூடாது.

அப்பாவின் தங்கை கோமதி அத்தை போன மாதம் காலமானார். செய்தி வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். சமூக அறிவியல் வகுப்பின் நடுவில் பியூன் வந்து என் பெயரைச் சொன்னார். பையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாசலில் கார்த்திக் அண்ணா வண்டியோடு நின்றார். என்னிடம் எப்போதும் தெலுங்கிலேயே பேசுகிற அண்ணன், அன்று தமிழில், "அத்த போயிட்டாங்க நிவி" என்றார். குகட்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வண்டியில் ஏறிப் போனேன்.

பதின்மூன்றாம் நாள் உறவினர்களுக்குக் கொடுத்த அட்டையில் அத்தையின் படத்துக்குக் கீழே "பாசமிகு சகோதரி" என்று போட்டிருந்தார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அதில் இல்லாததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பம் ரயில்வே பணிமனை வேலைக்காக அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். அத்தை அங்கே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களுடன்தான் இருந்தார். கச்சிபௌலியில் ஓர் அலுவலகத்தில் வேலை. எங்கோ தொலைவில் உள்ள மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். பெரும்பாலும் இரவுப் பணி. காலையில் அலுவலக வண்டியில் வந்து இறங்கி, குளித்துவிட்டு, பால்கனியை ஒட்டிய நாற்காலியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார்.

"டாக்டருங்க ராத்திரி பூரா என் காதுல குப்ப கொட்றாங்க நிவி. கழுவிட்டுத் தூங்கணும்ல?" என்பார்.

அவரை அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போட்டவர் அப்பா. "கண்டவன் நோயெல்லாம் கேட்டுட்டு வர்றா. அந்த நேரமாவது அவள விடுங்க" என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லியிருந்தார். நான் பள்ளிக்குக் கிளம்பும்போதுகூட அத்தையிடம் கையை மட்டும் ஆட்டிவிட்டுத்தான் போவேன்.

அத்தை கேட்டதெல்லாம் அவரே காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள். இணையத்தில் பாட்டு விற்கும் ஒரு கடையில் ஆல்பம் ஆல்பமாக வாங்கிப் பதிவிறக்கிக்கொள்வார். நாதஸ்வரம், கஜல், பழைய சினிமா, யாரோ ஒரு தீவுக்காரர் வாசிக்கும் கிதார் என்று எல்லாம் இருக்கும். வாங்கியதும் பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர் எல்லாவற்றையும் தானே சரிபார்த்துத் திருத்துவார். மிருதங்கம் வாசித்தவர் பெயர் இல்லாவிட்டால் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்த பிறகுதான் கேட்பார்.

வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். "காத்துல வர்றதுக்குக் காசு குடுக்கிறவ எங்க கோமு ஒருத்திதான்" என்பார் அப்பா. ஒரு தீபாவளிக்கு வந்த கார்த்திக் அண்ணா விடவே இல்லை.

"மாசா மாசம் கட்டுனா உலகத்துல இருக்கிற பாட்டெல்லாம் வரும் அத்த. நீ எதுக்கு ஒண்ணொண்ணா வாங்குற?"

"கட்டலன்னா?"

"போயிடும்."

"அப்ப அது வாடக வீடுடா. ஆணி அடிக்க விடமாட்டான்."

அண்ணா முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஆயுத பூஜை அன்று அந்த விபத்து நடந்தது. எங்கள் வீட்டில் புத்தகம், அரிவாள்மணை, ஸ்கூட்டர், மிக்சி எல்லாவற்றுக்கும் அப்பா சந்தனமும் குங்குமமும் வைப்பார். அத்தையின் லேப்டாப்பையும் பாட்டுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் பூஜையில் வைத்திருந்தோம். டிஸ்க் கறுப்பாக, சின்னதாக இருந்தது. எந்தப் பக்கம் முகம் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. கேபிள் செருகும் துளையைப் பார்த்து அதுதான் நடு என்று நினைத்து, குழைத்த சந்தனத்தை அங்கேயே அப்பிவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பதால் அது அங்கேயே காய்ந்து கல்லாகிவிட்டது.

அத்தை பல்துலக்கும் பிரஷ், ஊசி எல்லாம் வைத்துச் சுரண்டிப் பார்த்தார். டிஸ்க் எழுந்திருக்கவில்லை. அப்பா முகம் சுருங்கி நின்றார். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்து, "சரஸ்வதிக்கு வாய்க்குள்ளயே சந்தனம் வெச்சிட்டியே அண்ணா" என்றார். எல்லோரும் சிரித்தோம், அப்பாவும்.

கடையில் அவருடைய கணக்கு இருந்தது. வாங்கியவற்றை எல்லாம் திரும்பப் பதிவிறக்கலாம் என்று உட்கார்ந்தார். நாள்கணக்காக இறங்கியது. ஆனால் சில ஆல்பங்களின் பெயர் மங்கிப்போய், அழுத்தினால் எதுவும் நடக்காமல் நின்றது. அவற்றை வெளியிட்ட நிறுவனங்கள் கடையிலிருந்து விலகிக்கொண்டனவாம். அத்தை எழுதிக் கேட்டார். தங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடியும் நன்றி வந்தது. மருத்துவர்கள் நோய்க்குறிப்பு சொல்கிற குரலில் அந்தப் பதில்களை எனக்கு வாசித்துக் காட்டுவார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "நான் வாங்கின வீடு நிவி. வெளியில போய்ட்டு வர்றதுக்குள்ள பூட்ட மாத்திட்டான்" என்றார். அன்று சாப்பிடவில்லை.

அந்த ஆல்பங்கள் எங்கும் இல்லையா என்றால், நஸீமா ஆன்ட்டியிடம் இருந்தன. அத்தையோடு அதே அலுவலகத்தில் வேலை செய்தவர் அவர், செகந்திராபாத்காரர். எப்போதோ கேட்பதற்காக அத்தையிடமிருந்து பிரதி எடுத்துப் போனது அவர் கணினியில் கிடந்தது. அதை எடுத்து வந்த பிறகு அத்தை ஓர் ஏற்பாடு செய்தார். எல்லாப் பாட்டையும் இரண்டு டிஸ்க்குகளில் போட்டு, ஒன்றை நஸீமா ஆன்ட்டி வீட்டில் வைத்தார். இரண்டும் நம் வீட்டிலேயே இருந்தால் என்ன என்று கேட்டேன்.

"ஒரே வீட்ல ரெண்டு இருந்தா அது ஒண்ணுதான். உங்கப்பா ரெண்டுக்கும் சேத்துப் பொட்டு வெப்பான்."

மாதம் ஒருமுறை புதிதாக வாங்கியதையும் சேர்த்து டிஸ்க்கை மாற்றிக்கொள்வார்கள். உள்ளூர் ரயிலில், பெண்கள் பெட்டியில் சந்திப்பார்கள். டிஸ்க் அடிபடாமல் இருக்கக் குழந்தையின் கம்பளி சாக்ஸில் போட்டிருக்கும். ஒருநாள் நானும் போனேன். எதிரில் இருந்த அம்மா சாக்ஸையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். "கைக்கு டர்ரே அம்மா? காலி கானே ஹை" என்றார் நஸீமா ஆன்ட்டி, வெறும் பாட்டுதான், எதற்குப் பயம் என்று. அத்தை சாக்ஸைப் பிரித்து, அந்த அம்மாவுக்குத் தன் ஹெட்போனை மாட்டி ஒரு ஷெனாய் இசையைப் போனில் போட்டுக் காட்டினார். அவர் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

இனி எழுதுவது கடினம்.

அன்று காலையும் அத்தை இரவுப் பணி முடித்து வந்து குளித்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். அதற்குப் பிறகு எந்த நேரத்தில் நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு அன்று வார விடுமுறை. இருமுறை அந்த வழியாகப் போயிருக்கிறார். அம்மா தோசை ஊற்றிவிட்டுக் கூப்பிடப் போனபோது, "பாட்டு கேக்குறா, எழுப்பாத" என்று தடுத்தவரும் அவர்தான். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அத்தைதான் இல்லை.

மருத்துவர், எழுப்பியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று சொல்லிவிட்டார். அப்பா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தகனம் முடிந்து வந்ததும் ஹெட்போனைத் தரையில் போட்டு மிதித்தார். "இந்த வீட்ல இனிமே பாட்டே கூடாது" என்றார். ஒரு வருடம் துக்கம், அதனால் சொல்கிறார் என்று உறவினர்கள் நினைத்துக்கொண்டார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. அத்தையின் போன் எண்ணை அப்பா ரத்து செய்தார். போனையும் லேப்டாப்பையும் வீட்டில் இருந்த டிஸ்க்கையும் கார்த்திக் அண்ணாவிடம் கொடுத்தார். நான் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கெஞ்சினேன்.

"எல்லாம் அழிச்சிட்டேனே நிவி. சித்தப்பாதான் சுத்தமா தொடச்சிட்டு எடுத்துக்கோன்னாரு. நான் என்ன பண்றது?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அண்ணா?"

"பாட்டுதான? எல்லாம் நெட்ல இருக்கு."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்து அறையில் அப்பா இருந்தார்.

கடைக்கு நானே பேசினேன். கணக்கு வைத்திருப்பவரைப் பேசச் சொன்னார்கள். அவர் இறந்துவிட்டார் என்றேன். மிகவும் வருந்தினார்கள். வருந்திவிட்டு, பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகவும் அதைச் சொல்லும்படியும் கேட்டார்கள். அந்த எண் இப்போது இல்லை என்றேன். அப்படியானால் அந்த எண்ணிலிருந்து அழைத்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். மேலதிகாரி என்று ஒருவர் வந்தார். வாங்கிய உரிமை வாங்கியவருக்கு மட்டுமே, வாரிசுக்குச் சேராது என்று விதியை வாசித்தார். அத்தை காசு கொடுத்து வாங்கியது யாருக்குச் சேரும் என்று கேட்டேன். என் பொறுமைக்கு நன்றி சொன்னார்.

நஸீமா ஆன்ட்டியின் எண் அத்தையின் போனோடு போயிருந்தது. அவரே துக்கம் விசாரிக்க வந்தபோது ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்தார். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து அழுதார். போகும்போது பையை என் கையில் திணித்து, காதருகில், "அப்பா கு நக்கோ போல் பேட்டா" என்றார். அப்பாவிடம் சொல்லாதே. ஆப்பிள்களுக்கு அடியில் கம்பளி சாக்ஸ் இருந்தது.

அந்த டிஸ்க் பழையது. செருகினால் உள்ளே சுவர்ப்பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்கிறது. எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியாது. என் பள்ளி லேப்டாப்பில் இடம் போதாமல் பாட வீடியோக்களை எல்லாம் அழித்தேன். கொஞ்சம் பிரதி எடுத்தால் சூடாகி நின்றுவிடுகிறது. ஆறவைத்து மறுபடி தொடங்க வேண்டும். நஸீமா ஆன்ட்டியின் கணினி எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. கடையில் பூட்டிப்போன ஆல்பங்கள் இனி இந்த ஒரு டிஸ்க்கில்தான். அவை ஒரு தனி ஃபோல்டரில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அதற்குள் நுழைந்ததும் நின்றுபோகிறது. நேற்று பாதியில் கேபிள் கழன்றதும் டிஸ்க்கே தெரியாமல் போயிற்று. இன்று மாலை வரை உயிர் வரவில்லை. இன்னொரு முறை அப்படிக் கழன்றால் திரும்ப வராது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று அந்த ஃபோல்டர் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. மூச்சுவிடக்கூடப் பயமாக இருக்கிறது.

அப்பா கெட்டவர் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அத்தையின் நாற்காலியை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் உட்காருவதும் இல்லை. பால்கனிக்குப் போக வேண்டுமென்றால் சமையலறை வழியாகச் சுற்றிப் போகிறார். ஆனால் இந்த டிஸ்க்கைக் கண்டால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

அத்தை, நீங்கள் மனிதர்களின் நோயை எல்லாம் காதால் வாங்கிக்கொண்டு, ஒருநாளும் எங்களிடம் கடுமையாகப் பேசியதில்லை. மிருதங்கக்காரரின் பெயரைக்கூட விட்டுவிடக் கூடாது என்று தேடியவர் நீங்கள். உங்களைப் பற்றி ஒரே வரி போட்டு அச்சடித்துவிட்டார்கள். இது என் கையால் முடிந்தது. போய் வாருங்கள் அத்தை. பாட்டுகளை நான்

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாதான். என் பெயரைச் சொல்கிறார். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கேபிளைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

பிடுங்க மாட்டேன். மறுபடியும் தட்டுகிறார். நானே போய்க் கதவைத்