சித்தியின் ரத்தச் சீட்டு

இப்போதெல்லாம் யாருக்காவது டெங்கு என்றால் ஷேர் ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்து, “பிளேட்லெட் எவ்ளோங்க இருக்குது?” என்று விசாரிக்கிறார். பப்பாளி இலையை எப்படி அரைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லித் தருகிறார். எனக்கு அந்த வார்த்தை பத்து வயதிலேயே பழக்கம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். அந்த ஊரிலேயே அதை முதன்முதலில் உச்சரித்தவள் நான்தான். அதில் எனக்கு அப்போது கொள்ளைப் பெருமை. இன்றைக்கு நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகப் புத்தி. பால் ஊற்றுகிறவர் படியைச் சாய்த்துப் பிடிக்கிறாரா என்று குனிந்து பார்ப்பேன். வாத்தியார் காய்ச்சல் என்று லீவு போட்டால் அவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் திரும்புவேன். “இத போலீஸ் வேலைக்குத்தான் அனுப்பணும்” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆகவே சித்தியின் கையில் ரத்தம் கட்டின மாதிரி வந்த முதல் நீலத்தைக் கண்டுபிடித்ததும் நானாகத்தான் இருந்தேன்.

சித்தப்பாவுக்கு அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி நைனார்பாளையத்துப் பெண். ஆவணியில் ஒருநாள் அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, முழங்கைக்கு மேலே நாவற்பழம் நசுங்கின மாதிரி ஒரு அடையாளம் தெரிந்தது.

“இன்னா சித்தி இது?”

“தெரியல கண்ணு. எங்கனா இடிச்சிக்கினு இருப்பேன்.”

அடுத்த வாரம் கெண்டைக்காலில் இரண்டு வந்தன. தோளில் ஒன்று வந்தது. பாதத்தைச் சுற்றிக் கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள் வேறு. இடித்துக்கொள்கிறவர்கள் இத்தனை இடத்திலா இடித்துக்கொள்வார்கள் என்று நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. “ஒங்க தம்பி இன்னா பண்றாருன்னு கேளுங்க” என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கேட்டார். சித்தப்பா கற்பூரத்தை ஏற்றிக் கையால் அடித்து, “சத்தியமா நான் கையே வைக்கலண்ணே” என்றார். சித்தியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது.

இதற்குள் மறியல் வந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டையெல்லாம் அடைப்பது என்று முடிவாகி, நூறு வயதுப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை. தபால் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை என்பதால் நான் போராட்டத்தை முழுமனதோடு ஆதரித்தேன். பிறகு போலீஸ் வந்தது. மரம் வெட்டியவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் சித்தப்பாவும் இருந்தார். ஊரில் இளவட்டம் எல்லாம் கல்வராயன் மலைக்கு ஓடியது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருந்தது. சித்தப்பா அங்கே போய் ஒளிந்துகொண்டார்.

அவர் மலையேறிப் பத்து நாளாயிற்று. சித்தியின் நீலம் நிற்கவில்லை, இன்னும் ஜாஸ்தியானது.

இதை என்னைப் போலவே கவனித்த இன்னொருவர் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர். தண்ணீர்க் குடத்தோடு வந்த சித்தியின் கையை அவர் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

“யோவ், தம்பி மலைல இருக்கான்னு சொல்ற. அவன் பொண்டாட்டி கையில புதுசா காயம் இருக்குது. காயம் காத்துல பறந்து வந்துச்சா? ஆளு வந்து வந்து போய்க்கினு இருக்கான்.”

அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அம்மா அப்போதே நம்பிவிட்டாள். மலையிலிருந்து திருட்டுத்தனமாக இறங்கி வந்து, பெண்டாட்டியை அடித்துவிட்டு மறுபடியும் மலையேறிப் போகிற மனிதர் எப்பேர்ப்பட்டவராக இருக்க வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தடயம் தேடப் புறப்பட்டேன். வைக்கோல் போருக்குப் பின்னால் மூன்று பீடித் துண்டுகள் கிடைத்தன. சித்தப்பா பீடி குடிப்பார். காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டேன். அவை, பீடியை விட்டுவிட்டதாக அம்மாவிடம் சத்தியம் செய்திருந்த அப்பாவுடையவை என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

செய்தி எப்படியோ நைனார்பாளையம் போய்விட்டது. சித்தியின் அண்ணன், எனக்கு மாமா முறை, ரோட்டில் இன்னும் அகற்றாமல் கிடந்த ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தாண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் ஓடிப்போய் என் பொட்டலத்தை அவர் முன்னால் பிரித்தேன். அவர் பீடித் துண்டுகளைப் பார்த்தார், தங்கையின் கையைப் பார்த்தார்.

“மச்சான், எங்க வூட்டுப் பொண்ண அடிக்கறதுக்கா ஒங்களுக்குக் குடுத்தோம்?” என்று அப்பாவிடம் கத்தினார். “இப்பவே கூட்டிக்கினு போறேன். இனிமே அவ இந்த வூட்டு வாசல மிதிக்க மாட்டா. தாலிய ஊர்க் கூட்டத்துல வெச்சித் திருப்பித் தரோம்.”

“அண்ணா, அவரு வரவே இல்லண்ணா” என்றாள் சித்தி. “ஒனக்கு ஒண்ணும் தெரியாது, வா” என்று மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வாசல்வரை போயிருப்பார்கள். சித்தியின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள், ஈரத்துணி வைத்தார்கள், நிற்கவில்லை. கோபமெல்லாம் போய் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

சைக்கிள் கேரியரில் சித்தியை உட்காரவைத்து மாமா தள்ளினார். சித்தி என் கையை விடாததால் நானும் போனேன். இளவட்டம் ஓடிய பிறகு ஒவ்வொரு மரத்தடியிலும் காவலுக்கு நின்ற வயசாளிகள் ரத்தம் நனைந்த சித்தியின் முந்தானையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். கள்ளக்குறிச்சி போய்ச் சேர மதியமாகிவிட்டது.

அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மூக்கில் பஞ்சை அடைத்து ரத்தத்தை நிறுத்தினார். பிறகு ரத்தப் பரிசோதனை செய்கிறவர் சித்தியின் காது மடலில் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை காகிதத்தால் ஒற்றி எடுத்தார். நல்ல உடம்பாக இருந்தால் காகிதத்தில் விழுகிற ரத்தப் பொட்டு சிறுத்துக்கொண்டே போய் மூன்று நான்கு நிமிஷத்தில் நின்றுவிடுமாம். சித்தியின் பொட்டு சிறுக்கவே இல்லை. காகிதம் முழுக்கக் குங்குமம் வைத்த மாதிரி ஆனது. அப்புறம் கையில் ரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தார்.

“அதுல பாத்தா யாரு அடிச்சான்னு தெரியுமா?” என்று மாமா கேட்டார்.

“அடிச்சாங்கன்னு ஒங்களுக்கு யார் சொன்னது?” என்றார் டாக்டரம்மா. “ரத்தத்துல பிளேட்லெட்னு ஒண்ணு இருக்கு. ரத்தக் குழாய்ல எங்கயாவது கசிஞ்சா ஓடிப்போய் அடைக்கறது அதுதான். ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும். ஒங்க தங்கச்சிக்குப் பதினெட்டாயிரம்தான் இருக்கு. இவங்கள யாரும் அடிக்கவே வேணாம். அழுத்திப் புடிச்சாலே நீலமாயிடும்.”

மாமா நம்பவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் முன்னாலேயே வந்து டாக்டரிடம் சொல்லி வைத்துவிட்டார்களோ என்கிற மாதிரி என்னை முறைத்தார். டாக்டரம்மா சித்தியின் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். நான்கு விரலும் தனித்தனியாக நீலமாகப் பதிந்திருந்தன.

“இது யாரு புடிச்சது?”

மாமா தன் கையைப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, “ஐயோ, நான்தாம்மா” என்று குழந்தை மாதிரி அழுதார்.

சித்தி நான்கு நாள் அங்கேயே இருந்தாள். நாங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஊர் திரும்பியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமாவே ஊர்க் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். அந்தச் சீட்டை எப்படிப் படிப்பது என்று மைக்ராஸ்கோப்காரர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். மாரியம்மன் கோயில் முன்னால் நின்று, “பிளேட்லெட், பதினெட்டாயிரம்!” என்று படித்தேன். மாமா அப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். போலீஸ்காரரும் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அப்போ ஆளு வரல” என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை நிலப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கெடுபிடி ஓய்ந்து, கார்த்திகையில் சித்தப்பா தாடியும் மீசையுமாக மலையிலிருந்து இறங்கி வந்தார். ஊரே வந்து பார்த்தது. செய்யாத தப்புக்குப் பழி சுமந்தவர் அல்லவா? அம்மா அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். நான் முன்னால் போய் நின்று, “என்ன மன்னிச்சிடு சித்தப்பா” என்று அழுதேன். “போடி சிஐடி” என்று சிரித்துக்கொண்டே தலையில் குட்டினார். இனிமேல் யாரையும் சந்தேகப்படக் கூடாது என்று மாரியம்மனுக்கு முன்னால் சபதம் எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய சபதம் அது ஒன்றுதான்.

சித்திக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டு முகம் உப்பி உருண்டையானாள். மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சி போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கூட நான். நாற்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று எண்ணிக்கை ஏறியது. பஸ்ஸில் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்டக்டருக்குக்கூடப் படித்துக் காட்டியிருக்கிறேன். நீலமெல்லாம் மங்கி மறைந்தது.

மார்கழியில் மறுபடியும் வந்தது. முதலில் தோளில், பிறகு முதுகில். இந்தத் தடவை யாரும் பதறவில்லை. “ரத்தம் இன்னும் சரியாவல போல” என்றாள் அம்மா. யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சித்தப்பா, “ஏய், பாத்து நட, ஒன் ரத்தம் அப்படி” என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்வார். எவ்வளவு அக்கறை என்று எனக்கு மனசு உருகும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு அக்கா, “இன்னாடி, ஒங்க சித்தப்பா கை வெக்கிறாரா?” என்று கேட்டபோது நான் சண்டைக்கே போனேன். “அது பிளேட்லெட் கம்மி. அழுத்திப் புடிச்சாலே நீலமாயிடும். ஒனக்கு இன்னா தெரியும்?” என்று டாக்டரம்மா மாதிரியே சொன்னேன். சித்தி பக்கத்தில்தான் நின்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

தை மாதம் போனபோது சீட்டில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று வந்தது. மைக்ராஸ்கோப்காரரே எழுந்து வந்து சொன்னார். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தலாம் என்றார். பிறகு சித்தியின் முதுகைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலால் தொட்டார், சித்தி துடித்துப் போனாள்.

“இது எப்படி வந்துச்சும்மா?”

சித்தி தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்.

“ஒங்க ரத்தம் இப்ப என் ரத்தம் மாதிரிதான். இனிமே தானா நீலமாவாது. இத ஒங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

பஸ் ஊரை நெருங்கும்போது சித்தி, “எவ்ளோன்னு சொன்ன கண்ணு?” என்று கேட்டாள். சொன்னேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். சித்தி நேராக அவர்கள் எதிரில் போய் நின்று, தோளை மூடியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். புதிதாக வந்திருந்த நீலம் கை முழுக்கத் தெரிந்தது.

“படி கண்ணு.”

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தேன். “பிளேட்லெட், ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்! இனிமே தானா நீலமாவாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க.”

“மாரியாத்தா காப்பாத்திட்டா” என்றார் அப்பா. “நல்ல சேதி” என்றாள் அம்மா, சோற்றைப் பார்த்துக்கொண்டே. சித்தப்பா தலையை நிமிர்த்தவில்லை. “ரசத்த ஊத்து” என்றார்.

சித்தி அசையவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “இன்னொரு வாட்டி படி கண்ணு. கொஞ்சம் சத்தமா.”

பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் படிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, இன்னும் சத்தமாகப் படித்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா ரசச் சட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். சித்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பு குணமானதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“இன்னொரு வாட்டி” என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. தெருவில் என் கூட்டாளிகள் நொண்டியாட்டத்துக்குக் கட்டம் போட ஆரம்பித்திருந்தார்கள். “போ சித்தி, எத்தினி வாட்டிதான் படிக்கறது? எல்லாருக்கும்தான் கேட்டுச்சே” என்று சீட்டை அவள் கையில் திணித்துவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.