கண்டி சிங்காரத்தின் பெண்சாதி

கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கட்டுகஸ்தோட்டையில் நாடக உலகத்துச் சங்கதி ஏதாவது தெரியவேண்டுமென்றால் பத்திரிகை வாங்கத் தேவையில்லை, கத்தரீனாவைக் கேட்டால் போதும். எந்தக் கம்பெனி ரங்கூனுக்குக் கப்பல் ஏறியது, எந்த ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பெண் வேஷம் கட்டுகிற எந்த ஆணுக்கு இப்போது மீசை வளர்க்கும் ஆசை வந்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருக்கும். இத்தனைக்கும் அவள் ஒரு நாடகத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இது என்ன விந்தை என்று வெகுநாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரன். பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம்.

அவள் பகலில் சட்டை தைப்பாள். கண்டிக்கு நாடகக் கம்பெனி வந்துவிட்டால், தகரக் கொட்டகையில் பெண்கள் வாசலைப் பார்த்துக்கொள்வாள். அந்தக் காலத்தில் பெண்களுக்குத் தனி வாசல், தனி இடம், நடுவே மறைப்புத் தட்டி. டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவதும், மனைவியைத் தேடுகிற சாக்கில் நுழையப் பார்க்கும் வீரர்களை விரட்டுவதும் அவள் வேலை. அதனால் அவள் உட்காரும் கதிரை தெருவைப் பார்த்தே கிடக்கும். மேடை அவள் முதுகுக்குப் பின்னால் நடக்கும்.

வருகிற கம்பெனிக்காரர்களிடம் சமையற்காரன் முதல் மேளக்காரன் வரை ஒருவரையும் விடாமல் சங்கதி கேட்பாள். நாடகப் பைத்தியம் என்று ஊர் அவளுக்குப் பேர் வைத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உண்மையில் அவள் தேடியது நாடகத்தை அல்ல, புருஷனை.

அவள் புருஷன் சுவக்கின் தச்சு வேலை செய்தவன். கோயிலில் அவன் பாடினால் கிழவிகள்கூடச் செபமாலையை உருட்டாமல் நிறுத்திவிடுவார்கள். இருபத்துநாலாம் ஆண்டு ஒரு கம்பெனி வந்தபோது அவர்களுடைய ராஜபார்ட்டுக்குக் காய்ச்சல் கண்டது. ராஜபார்ட் என்றால் கதாநாயகன். அந்த இடத்துக்கு இவனைப் பிடித்து ஏற்றினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று கம்பெனி முதலாளிக்கு. "மூணு மாசத்துல வந்துருவேன் கத்தரீனா" என்று சொல்லிவிட்டு அவர்களோடு தமிழ்நாட்டுக்குப் போனவன், கண்டி சிங்காரம் என்ற புதுப் பேரோடு அங்கேயே நின்றுவிட்டான். ஓராண்டு காகிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

ஆள்தான் வரவில்லையே தவிர, அவனைப் பற்றிய சேதிக்குக் குறைவில்லை. கண்டி சிங்காரம் பினாங்கில் பாடினார், கொட்டகை பிய்ந்துபோயிற்று. கண்டி சிங்காரத்துக்கு மதுரையில் பொன் பதக்கம். கடைசியில் ஒரு மிருதங்கக்காரன் இன்னொன்றும் சொன்னான். கண்டி சிங்காரம் மேலூரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டாராம்.

"பதக்கம் வாங்கத் தெரியுது, கலியாணம் கட்டத் தெரியுது, இங்க ஒருத்தி கெடக்கான்னு ஒரு காயிதம் போடத் தெரியல. அவன் நாக்குல புழு விழ!" என்று அன்று அவள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே கிடையாது.

இதற்கிடையில் அந்தோனி என்று ஒரு பஸ் டிரைவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் நடுவே வண்டி ஓட்டுகிறவன். வண்டியில் எத்தனை கூட்டம் இருந்தாலும் அவளுக்கு ஓர் இடம் வைத்திருப்பான். அவளுக்கும் மனம் இருந்தது, மறைப்பானேன். இருவரும் பங்குச் சாமியாரிடம் போனார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இளகிய மனசு, ஆனால் சட்டத்தில் இரும்பு.

"புருஷன் உயிரோட இருக்கேக்க நான் எப்பிடிக் கோயில்ல கலியாண ஓலை வாசிக்கிறது, பிள்ளை? அவன் செத்ததைக் கண்ணாலை கண்டவன் ஒருத்தன் வந்து சொல்ல வேணும்" என்றார்.

பதக்கம் வாங்குகிறவனைச் செத்தவன் என்று யார் சொல்வார்கள்? அந்தோனி காத்திருந்தான். காத்திருக்கும்போதே தலையில் நரை விழுந்தது.

முப்பத்திரண்டாம் ஆண்டில் நாடக உலகம் தலைகீழாயிற்று. பேசும் படம் வந்துவிட்டது. தமிழ்நாட்டு ஊர்களில் சனம் அந்தப் பக்கம் ஓட, கம்பெனிகள் படம் இன்னும் எட்டாத ஊர்களைத் தேடி அலைந்தன. அப்படித்தான் அந்தக் கம்பெனி மறுபடி கண்டிக்கு வந்தது. சுவரெங்கும் நோட்டீஸ். "கண்டி சிங்காரம் ராஜபார்ட்டாகத் தோன்றும் மணிமாலா சுயம்வரம்." பக்கத்தில் ஒரு படம். கிரீடமும் மீசையும் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் மூஞ்சி.

கத்தரீனா நோட்டீசை வெறித்துப் பார்த்தாள். "வரட்டும். நாலு பேருக்கு முன்னால வச்சுக் கேக்குறேன்" என்றாள்.

அன்று மாலை நான் ஆண்கள் பக்கத்தில் முன்வரிசைக்கு முண்டியடித்து உட்கார்ந்திருந்தேன். நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகன் வெளியே வருமுன் திரைக்குள்ளிருந்து ஒரு விருத்தம் பாடுவான். குரலைக் கேட்டுச் சனம் கைதட்டிய பிறகுதான் ஆள் வருவான். அன்றும் குரல் வந்தது. நல்ல குரல்தான். சனம் கைதட்டியது. பெண்கள் வாசலில் மட்டும் ஏதோ அமளி. எட்டிப் பார்த்தால், காவலுக்கு ஆளில்லாமல் பத்துப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். கத்தரீனாவின் கதிரை மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் அதில் உட்காரவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை, "அது அவரு கொரல் இல்ல" என்று அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். கம்பெனிக்காரர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனோம். கண்டி சிங்காரம் முற்றத்தில் உட்கார்ந்து வெந்நீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். கறுத்து, ஒல்லியாக, முப்பது வயது இருக்கும்.

"நீங்க யாருங்க?" என்றாள்.

"கண்டி சிங்காரம்மா."

"கண்டியில எந்தத் தெரு?"

அவன் விழித்தான். "கண்டிக்கு இப்பத்தாம்மா மொதத் தடவையா வர்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "நான் கண்டி சிங்காரத்தோட பொஞ்சாதி" என்றாள்.

அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். பிறகு உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னான்.

"அவரு ரங்கூன்ல போய்ட்டாரும்மா. வாந்திபேதி. ஆறு வருசமாச்சு. தூக்கிட்டுப் போன நாலு பேர்ல நானும் ஒருத்தன். அப்ப நான் சேவகன் வேசம் போட்டுக்கிட்டிருந்தேன். மறுநா ஆட்டத்துக்கு டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. அவரு சட்டையை எனக்குப் போட்டு, அவரு கிரீடத்த வச்சு, மேடையில தள்ளிட்டாங்க. கூட்டம் கை தட்டுச்சு. நோட்டீஸ் அடிக்க அவரு பேர மரத்துல அச்சா வெட்டி வச்சிருந்தாரு மொதலாளி. அன்னையிலருந்து அந்தப் பேரு எனக்கு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலியா?"

"சொல்லணும்னுதாம்மா சொன்னோம். ஆள் செத்தது தெரிஞ்சா பேரும் செத்துரும்னு மொதலாளி தடுத்துட்டாரு."

கத்தரீனா கொஞ்ச நேரம் அந்தச் செம்பையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "மேலூர்ல கலியாணம் கட்டினது?"

"அது என் கலியாணம்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. சாமியாரிடம் வந்து இதையே சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவன் கைகூப்பினான். "மொதலாளி காதுக்குப் போனா என்னை வெளிய தள்ளிருவாரும்மா. பேசும் படம் வந்த பெறகு கொட்டகை கொட்டகையா நடிகனெல்லாம் சும்மா கெடக்கான். இந்தப் பேரு இருக்கவாசிதான் எனக்கு வேலை. ரெண்டு பிள்ளை இருக்கு." அவன் சொன்னதிலும் தப்பில்லை. எனக்கு அந்த முதலாளி மேல்தான் ஆத்திரமாக வந்தது. வெறுங்கையோடு திரும்பினோம்.

கம்பெனி புறப்படும் நாள் வந்தது. காலைப் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவன் சாமியார் வீட்டு வாசலில் நின்றான். அவனேதான். கத்தரீனாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவளோடு நானும் ஓடினேன், யாரும் கூப்பிடாமலே.

ரங்கூனில் நடந்ததை அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். சாமியார் எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவைத் தூக்கி, "பேர்?" என்று கேட்டார்.

"கண்டி சிங்காரம்" என்றான், பழக்க தோஷத்தில்.

"அது என் புருசன் பேருங்க" என்றாள் கத்தரீனா. "ஒங்க பேரச் சொல்லுங்க."

அவன் திகைத்துப்போனான். ஆறு வருஷமாக யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. பிறகு, "கறுப்பையா" என்றான். "மூக்கன் மகன் கறுப்பையா." சாமியார் எழுதி, அவன் கையொப்பத்தை வாங்கிக்கொண்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் ஓடினான். முதலாளிக்கு அது தெரிய வந்ததா, அவன் பிழைப்பு என்னவாயிற்று என்று பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தோனி புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றான். முகமெல்லாம் பல். கலியாண ஓலை அன்றைக்கே வாசிக்கலாம் என்று சாமியார் சொல்லியிருந்தார். கத்தரீனா வந்தாள். தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்தியிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

அந்தோனிக்கு முகம் விழுந்துவிட்டது. "என்ன கத்தரீனா இது?"

"ஒரு வருசம் பொறுத்துக்குங்க. எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு."

"அவரு செத்து ஆறு வருசமாச்சே!"

"ஆறு வருசமும் அவர நான் ஏசிக்கிட்டுத்தானே இருந்தேன்? யாரோ கட்டின கலியாணத்துக்கு மண்ண வாரித் தூத்தினேன். செத்த மனுசனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட ஒருத்தருமில்லாமப் போச்சு. ஒரு வருசம் அழுதுட்டு வாறேன் அந்தோனி."

அந்தோனி உள்ளே பீடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அவருக்கு ஒரு பூசை குடுக்கணுமே. சாமிகிட்ட நானே கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் கோயிலுக்குள் நடந்தான்.