அட்டி ஏறுகிறவளின் எடை

மிளகு மூட்டைகளை அடுக்கிய அட்டியில் சாத்தியிருந்த ஏணியில் ஒரு படி முறிந்தது. பழைய படி. நடுவில் கீறல் விட்டு, மழைக்காலங்கள் வந்து போயும் யாரும் மாற்றாமல் கிடந்த படி. ஆனால் அதோடு சேர்ந்து கீழே விழுந்தவள் நான் என்பதால் பேச்சு முழுக்க என் உடம்பைப் பற்றியே இருந்தது. ஏணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் ஏலமும் வாங்கி விற்கிற ஒரு குடோனில் எனக்கு வேலை. கல்யாணமான புதிதில் சல்லடை போடுகிற பெண்களோடு போய் உட்கார்ந்தவள் நான். என் மூக்கும் பல்லும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் கறார் என்று இப்போதைய முதலாளியின் அப்பா எப்படியோ கண்டுகொண்டு, என்னைச் சாம்பிள் எடுக்க வைத்தார். லாரியில் வந்த மூட்டைகளைச் சுமட்டுக்காரர்கள் உத்தரம் வரைக்கும் அட்டி போட்டு அடுக்கியதும், நான் குத்தூசியை எடுத்துக்கொண்டு ஏறுவேன். கூர் முனையும் நடுவில் பள்ளமும் உள்ள இரும்பு அது. மூட்டைக்குள் குத்தினால் பள்ளத்தின் வழியே மிளகு உள்ளங்கையில் வந்து விழும். முகர்ந்து, தேய்த்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லவேண்டும். பஜார் ரோட்டில் அட்டி ஏறுகிற பொம்பளை எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கக் கூடாதா?

விழுந்ததில் முழங்கால் வீங்கியது. ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். மனிதர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். புது மிளகு வருகிற சீசனுக்குள் உடம்பைக் குறைத்துக்கொள், இல்லையென்றால் மாடி ஆபீசில் நாற்காலி போட்டுத் தருகிறேன், சாம்பிள் பாக்கெட்டில் பேர் எழுதிக்கொண்டு நிம்மதியாக இரு என்றார். சம்பளம் அதேதான் என்றும் சொன்னார். அந்தப் பரிதாபக் குரலைக் கேட்டு எனக்குக் காது சுட்டது.

அந்த நாற்காலியைப் பற்றி எனக்குத் தெரியும். விற்க வருகிறவன் நல்ல சரக்கை மேல் வரிசையில் வைப்பான், ஈரச் சரக்கை நடுவில் ஒளிப்பான். ஏறிக் குத்துகிறவருக்குத்தான் அது தெரியும், விலை பேசும்போது அவர் வாயைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நாற்காலியில் இருப்பவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். என்னை ஊமையாக்கி மின்விசிறிக்குக் கீழே உட்கார வைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயால் சரி என்றேன்.

என் மகள் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அன்று ராத்திரியே என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். தின்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும். அது கலோரி கணக்குப் பார்த்து, அளவுக்குள் இருந்தால் பச்சை காட்டும், தாண்டினால் சிவப்பு. உடற்பயிற்சி என்ன செய்தாய் என்றும் கேட்டது. அட்டி ஏறுவதற்கு அதில் இடமில்லை. மகள் யோசித்துவிட்டு மாடிப்படி ஏறுதல் என்று போட்டாள். கையில் இரும்போடு, மூக்கில் மிளகுத் தூசியோடு மாடிப்படி ஏறுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வேலை முடிந்து வரும்போது பொட்டலம் இல்லாமல் அவர் வந்ததே கிடையாது. பரோட்டா, சால்னா, சில நாள் முட்டை ரோஸ்ட். வாயைத் திறந்து பிரியத்தைச் சொல்லத் தெரியாத மனிதர், பொட்டலத்தை நீட்டுவார். நான் பிரித்துத் தின்பேன். செயலி சிவப்பாகும். மகள் எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் செவப்பும்மா" என்பாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் முட்டிபோட்ட மாதிரி இருக்கும் எனக்கு.

சிவப்புக்குப் பரிகாரமாக மறுநாள் பட்டினி கிடந்தேன். முந்தின நாள் பாவத்தை இந்த நாள் வயிற்றில் கழுவுவது. பட்டினி கிடந்த ராத்திரி பசி தாங்காமல் இன்னும் கூடத் தின்பேன், அடுத்த நாளும் சிவப்பு. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, பால் விடாத கட்டன் சாயாவும் ரெண்டு வெள்ளரித் துண்டும் மட்டும் வயிற்றில் இருந்த ஒரு காலையில் வயநாட்டு லோடு வந்தது. அட்டியின் உச்சியில் குனிந்து குத்தும்போது கண் இருட்டியது. மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டேன். கீழே நின்றவர்கள் நான் மிளகை முகர்ந்துகொண்டிருப்பதாக நினைத்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன். இன்னொரு தடவை விழுந்தால் நாற்காலிகூட மிஞ்சாது, கட்டில்தான்.

இறங்கி வந்து, இனிப்புப் போட்ட சாயா ஒன்று குடித்து, பழம்பொரி ரெண்டு வாங்கித் தின்றேன். தின்றுகொண்டிருக்கும்போதே ஆத்திரம் வந்தது. செயலி மேல் இல்லை, என் மேல். இத்தனை வருஷமாக நான் செய்கிற வேலை என்ன? ஒரு மூட்டையைக் குத்திவிட்டு லோடு முழுவதும் கெட்டது என்றா சொல்கிறேன்? மேலே, நடுவே, அடியே என்று பல மூட்டைகளில் எடுத்து, ஒரே தட்டில் கொட்டிக் கலந்து, அப்புறம்தானே தீர்ப்புச் சொல்கிறேன். மிளகுக்குக் காட்டுகிற நியாயத்தை என் உடம்புக்கு ஏன் காட்டவில்லை? ஒவ்வொரு ராத்திரியும் ஒரே மூட்டையை வைத்து என்னைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். நாள் கணக்கு இனிக் கிடையாது, வாரக் கணக்குத்தான். லாரி வருகிற நாளில் புட்டும் கடலையும், மத்தியானம் மீன்குழம்பும் சோறும். அன்றைக்கு ஏறி இறங்கும் உடம்பு அதைக் கேட்கும், கேட்டதைக் கொடுப்பேன். சல்லடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கழிகிற நாளில் கஞ்சி, பயறு, சாயங்காலம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை வரைக்கும் நடை. பொட்டலம் லாரி நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும். வீட்டுக்காரர் முகம் தொங்கிப் போனது. சில நாள் வெறுங்கையோடு வந்து வாசலிலேயே செருப்பை நேராக்கிக்கொண்டு நிற்பார். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் பொட்டலத்துக்குப் பதிலாக என்னோடு நடக்க வந்தார். பேசாமல்தான் நடப்பார், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை கும்பளங்கியில் அக்கா வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும். அதை நான் விடவில்லை. இரண்டாவது தடவை போட்டபோதும் வேண்டாமென்று சொல்லவில்லை. டயட் என்று சொன்னாயே என்று அக்கா கேட்டாள், இதுவும் டயட்தான் என்றேன். திங்கட்கிழமை கொஞ்சம் கூடுதலாக நடந்தேன். தண்டனைக்கு நடக்கவில்லை. சாப்பிட்டதைத் தாங்குகிற தெம்பு இருந்தது, அதனால் நடந்தேன். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போகிறவளைப் பார்த்துத் தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கும் வாய்க்குப் பயிற்சி வேண்டாமா.

மகள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் செயலியைத் தோண்டிப் பார்த்துவிட்டு, வாரக் கணக்குப் பக்கம் அதிலேயே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துச் சொன்னாள். வாரத்தை மொத்தமாகப் பார்த்தால் பச்சை. இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன்.

குடோனில் மூட்டை நிறுக்கிற தராசில்தான் எடை பார்ப்பேன். ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஏறி நின்றால் முள் எகிறியிருந்தது. சுமட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சேச்சி பாயசத்தில் குளித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றார்கள். எனக்கு உறைக்கவில்லை. மழையில் நனைந்து வந்த மிளகும் எடை கூடத்தான் செய்யும், அதை யாராவது மிளகு என்று நினைத்துக் காசு கொடுக்கிறார்களா? ஈரம் போனால் தெரியும் என்று சொல்லி இறங்கினேன். அந்த வாரக் கடைசியில் ஈரம் போனது. மெதுவாக, ஒரு வாரம் நின்றும் ஒரு வாரம் இறங்கியுமாக, எடை குறைந்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. முழங்கால் சத்தம் போடுவதை நிறுத்தியது. ஏணிக்குப் புதுப் படி போடச் சொல்லி நானே ஆசாரியைக் கூட்டிவந்தேன்.

தை பிறந்து புது மிளகு வந்தது. இடுக்கியிலிருந்து முதல் லோடு. யாரையும் கேட்காமல் குத்தூசியை எடுத்துக்கொண்டு ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. மேல் வரிசையைக் குத்திக்கொண்டிருந்தபோது முதலாளி கீழே வந்து நின்றார். கூடவே முப்பது வயதுக்காரர் ஒருவர், புதுச் சட்டை. முதலாளியின் மனைவி வழியில் சொந்தம் என்று பின்னால் தெரிந்தது. இனிமேல் இவர் ஏறட்டும், நீ இறங்கி வா, மாடியில் நாற்காலி போட்டாயிற்று என்றார் முதலாளி.

நான் குறைத்துவிட்டேனே என்றேன். நன்றாகத்தான் குறைந்திருக்கிறாய், பார்த்தேன், சந்தோஷம் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ஆனால் வயசும் ஆகிறதில்லையா என்றார்.

அப்போதுதான் புரிந்தது. கஞ்சிக்கும் நடைக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தமே இல்லை. என் இடத்தை எப்போதோ புதுச் சட்டைக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது, எனக்குச் சொல்ல ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது. ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்றை எடுப்பார். இறங்கினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது, அதனால் இறங்கவில்லை. மூட்டைமேல் நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

"ஒடம்பக் கொறைக்கச் சொன்னீங்க, கொறச்சாச்சு. வயசக் கொறைக்க எனக்குத் தெரியாது மொதலாளி. ஒங்களுக்கு என்னவிட மூப்பு. மொதல்ல நீங்க கொறச்சுக் காட்டுங்க, பாத்துப் படிச்சுக்கிறேன்."

சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்பை மறைக்கத் தும்மினார், மிளகு குடோனில் அது சுலபம். முதலாளி சிரிக்கவில்லை. என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் இறங்குகிறேனா என்று பார்த்தார். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. வயிறு நிறையப் புட்டு தின்றுவிட்டு வந்திருந்தேன், சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்திருப்பேன்.

கடைசியில் அவர்தான் பேசினார்.

"சரக்கு எப்படி இருக்கு?"

மேல் வரிசை நல்லது, நடுவில் இன்னும் பார்க்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் விலை பேச வேண்டாம் என்றேன். புதுச் சட்டைக்காரரிடம், தம்பி, அந்தத் தட்டைக் கொஞ்சம் பிடிங்க என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி திரும்பி மாடிப்படி ஏறினார். புதுச் சட்டைக்காரர் தட்டைப் பிடித்தார்.

அவ்வளவு உயரத்தில் முகம் யாருக்கும் தெரியாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மூட்டையைக் குத்தினேன்.