தமிழ்ப் படிவத்தை யார் படிப்பார்?

முதலில் வந்தது கொட்டாவி. டயாலிசிஸ் (இயந்திரம் கொண்டு இரத்தத்தைச் சுத்தம் செய்வது) முடிய அரை மணி நேரம் இருக்கும்போது அடுக்கடுக்காக வரும். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு அந்த நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி காலையில் நான்கு மணி நேரம் அங்கே. மற்ற நாட்களில் லிட்டில் இந்தியாவில் ஒரு காய்கறிக் கடையில் வேலை.

நிலையத்தில் என்னைக் கவனிக்கும் தாதி மாலா. எல்லைக்கு அப்பால் இருக்கும் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவள். என் இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த இரத்தப் பாதை) இருக்கிறது. அதில் அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. ஆனால் எப்போதும் அவசரம். சிகிச்சை முடிந்ததும் நோயாளியை நிற்க வைத்து இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மற்ற தாதிகள் பார்ப்பார்கள். மாலா பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே, "ஓகேவா அக்கா?" என்பாள். "ஓகே லா" என்பேன். அத்தோடு சரி.

அவ்வப்போது கருத்துப் படிவம் கொடுப்பார்கள். நான்கு மொழிகளில் இருக்கும். பெயர் எழுத வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். காலை வேளையில் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குவது நான் ஒருத்திதான். அப்புறம் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? நிற்க வைத்து அழுத்தம் பார்க்கிறார்களா என்று ஒரு கேள்வி இருந்தது. 'எப்போதும்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மற்றதற்கெல்லாம் 'மிகவும் நன்று'.

குறை சொல்கிறவர்களை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன். செம்பவாங்கிலிருந்து கடைக்கு வரும் ஓர் அம்மாள், நான் கொடுத்த தக்காளி சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவர் பையின் அடியில் நசுங்கியதாகப் பார்த்து நாலு வைத்தேன். சிரித்த முகத்தோடுதான் வைத்தேன். இப்படிப்பட்ட நான், ஊசியோடு நிற்பவளைப் பற்றிக் குறை எழுதுவேனா?

ஒரு செவ்வாய்க்கிழமை, சிகிச்சை முடிந்து திரும்பும்போது வீட்டு மின்தூக்கி வாசலில் விழுந்தேன்.

கண் விழித்தபோது மருத்துவமனை. என் கணவர் பாலு பக்கத்தில் நின்றார். சீன மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை என் இடது கையில் வைத்தார், நகர்த்தினார், மறுபடி வைத்தார். ஃபிஸ்டுலா ஓடினால் தோலுக்கடியில் தொட்டுணரும்படி ஓர் அதிர்வு இருக்கும். நானும் விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் கை செத்துப்போய் என்மேல் கிடப்பதாகத் தோன்றியது. வாய்விட்டு அழுதேன்.

மருத்துவர் எளிய ஆங்கிலத்தில் விளக்கினார். சில மாதமாக நன்றாகச் சாப்பிட்டு எனக்குச் சதை போட்டிருக்கிறது. உலர் எடையை (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை) யாரும் மாற்றவில்லை. சதையையும் நீர் என்று எண்ணி, இயந்திரம் அளவுக்கு மீறி நீரை எடுத்திருக்கிறது. அழுத்தம் இறங்கி, ஃபிஸ்டுலாவில் இரத்தம் கட்டிவிட்டது. மெல்லிய குழாயை விட்டு அடைப்பை எடுத்துப் பார்ப்பார்களாம். முடியாவிட்டால் கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ். தலைசுற்றல் பற்றி நிலையத்துக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டார்.

"வீட்ல எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் பாலு.

"சொன்னா நீங்க போய் மாலாகிட்ட சத்தம் போடுவீங்க. அப்புறம் அவகிட்டதானே நான் கை நீட்டணும்?"

அடைப்பு எடுபட்டது. அதிர்வு திரும்பியது. உலர் எடையைக் கூட்டினார்கள். நிலையத்து மேனேஜர், ஒரு சீன அம்மாள், மருத்துவமனைக்கே வந்து பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள், இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாது என்று படிவத்தைக் கொடுத்தார். என் ஆங்கிலம் கடைக்குத்தான் போதும். தமிழில் பக்கம் நிறைய எழுதினேன். நான் 'ஓகே' சொன்னதையும் மறைக்கவில்லை. திங்கட்கிழமை காலை நிலையத்துப் பெட்டியில் போட்டேன்.

அன்று மதியம் சாப்பிடும்போது பாலு கேட்டார்: "மேனேஜருக்குத் தமிழ் தெரியாதே. யார் படிச்சுச் சொல்லுவா?"

அந்த நிலையத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் மாலா மட்டும்தான்.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாலா வழக்கமான பேச்சு எதுவும் இல்லாமல் கையுறை மாட்டினாள். கையைத் துடைத்தாள். ஊசியை எடுத்தாள்.

"உங்க பேப்பர நான்தான் மேனேஜருக்குப் படிச்சுச் சொன்னேன்."

நான் அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தேன்.

"ஒரு வரி விடல அக்கா. நிக்க வெச்சுப் பாக்கலன்னு எழுதியிருந்தீங்க இல்ல, அதையும் சொன்னேன். அந்த நர்ஸ் நான்தான்னும் சொல்லிட்டேன்." அவள் கண் சிவந்திருந்தது. "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா."

"என்னப் பாத்தா?"

"ஆமா."

அவள் ஊசியைப் போட்டாள். வலித்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக, கண்ணில் நீர் வரும் அளவுக்கு வலித்தது. அவள் கை தவறியதா, என் கை விறைத்திருந்ததா, இல்லை வேறு காரணமா? இன்றுவரை தெரியவில்லை.

அந்த நான்கு மணி நேரம் முன்பு போல ஒரே நீட்டாகப் போகவில்லை. அரை மணிக்கு ஒருமுறை வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவள் வருவதற்குள் கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை உடம்பைத் தேடிப் பார்த்து ஒரு பதிலோடு இருக்க வேண்டியிருந்தது. இத்தனை வருடம் இந்த உடம்பிடம் நான் ஒன்றுமே கேட்டதில்லை என்று அன்றுதான் புரிந்தது.

முடிந்ததும் என்னை நிற்க வைத்தாள். இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை இறுகியது. அடுத்த நோயாளி வாசலில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கக்கா."

"லேசா சுத்துது" என்றேன்.

என்னை உட்கார வைத்தாள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். பாலு என் கையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வோர் அடியாக வீட்டுக்கு நடந்தேன். உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எனக்குப் போகவில்லை. மறுபடி கை நீட்ட வேண்டிய வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.