மாமாவும் டெஸ்ட் எடுக்க வேண்டும்

அம்மாவைக் கொண்டுபோன சினைப்பைப் புற்றுநோய் எங்களுக்கும் வரக்கூடுமா என்று பார்க்க, நானும் அக்காவும் பெங்களூரில் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தோம். பரம்பரையாக வரும் அந்த மரபணுக் கோளாறு எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை.

"என் பொண்ணுங்க ரெண்டும் தப்பிச்சாங்கடி" என்ற அக்கா, சட்டென்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு வயிறு எரிந்தது.

எரிச்சல் ஒன்றும் புதிதில்லை. அம்மாவின் தம்பியை, எங்கள் தாய்மாமனை, எனக்கு அவ்வளவு பிடிக்கும். மூத்தவள் என்று அவளுக்குக் கட்டிவைத்தார்கள். குருபரப்பள்ளிப் பக்கம் தக்காளித் தோட்டம், சொந்த வீடு, இரண்டு பெண்கள். எனக்கு மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடும், ஷிஃப்ட் முடிந்து வந்தால் வாயைத் திறக்காத ஒரு மனுஷனும். குழந்தை இல்லை. இப்போது சினைப்பைகளையும் எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள்.

அடுத்த முறை தனியாகத்தான் போனேன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு தம்பிங்க. எங்க மாமா. அக்கா வீட்டுக்காரரும் அவருதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்போ அவரும் டெஸ்ட் எடுக்கணும். அவருக்கும் இருக்கலாம். இருந்தா, பொண்ணுங்களுக்கும் வந்திருக்கலாம்."

பெண்கள் நோய், பெண்கள் வழியாகத்தான் வரும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆண்களை யாரும் யோசிக்கவே இல்லை.

பத்து நாள் நான் அக்காவிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. அவளுடைய நிம்மதி என் கைக்குள் இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. தினமும் போனில் தக்காளி விலை பேசினாள், நானும் ம் கொட்டினேன்.

பதினோராம் நாள் அவளுடைய மூத்த பெண் கூப்பிட்டாள். "சித்தி, ஆபரேஷன் என்னிக்குன்னு சொல்லு. காலேஜுக்கு லீவு போட்டுட்டு வந்து நான் கூட இருக்கறேன்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "போனை உங்கம்மாகிட்ட குடு" என்றேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள், "டாக்டரு எப்பச் சொன்னாரு?"

"இன்னிக்குத்தான்கா."

"தெரிஞ்சதும் சொன்னியே, அது போதும்டி. நீ இல்லாட்டி என் பொண்ணுங்க கதி என்னா?"

என்னைச் சந்தேகிக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை. அந்த மனசின் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.