பாதியில் நின்ற பூசணிக்காய்

தவிடு வறுபடும் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அப்பாவின் கைதான் ஞாபகம் வரும். எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில், பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அம்மா சூடான தவிட்டைத் துணியில் முடிந்து அப்பாவின் வலது கைக்கு ‘ஒத்தடம்’ கொடுத்துக்கொண்டிருப்பாள். ரைஸ் மில்லில் அரவை மெஷின் ஓட்டியவர் அப்பா. ஓடுகிற பெல்ட் இழுத்ததில் மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் விறைத்தே கிடந்தன. ஈரத்துணியைப் பிழியச் சொல்வாள், கேழ்வரகு மாவைப் பிசையச் சொல்வாள், அவர் வலியில் பல்லைக் கடிக்கும்போது, “நேத்தைவிட இன்னைக்கு ஜாஸ்தி மடங்குதுங்க” என்று பொய்யும் சொல்வாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. “ஆயுத பூஜைக்கு வந்து நீயே காய் உடைப்பா, மெஷின் உனக்குத்தான்” என்று சொல்லியனுப்பியிருந்தார். மெஷினுக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைப்பவன்தான் அடுத்த பூஜை வரை அதை ஓட்டவேண்டும், நடுவில் கை மாறினால் அது காவு கேட்கும் என்பது அந்த மில்லின் நம்பிக்கை. அதனால் அப்பா அடிபட்ட நாள் முதல் அந்த மெஷின் நின்றே கிடந்தது.

பூஜையன்று காலை, அம்மா வாங்கிவந்த காயை அப்பா இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். காய் பாதியில் கொஞ்சம் நின்றது, அவர் மூச்சு வாங்கிக்கொண்ட பிறகு மேலே ஏறியது. அம்மா அழுதேவிட்டாள்.

மில்லில் பொரிக்கும் சுண்டலுக்கும் வந்த கூட்டத்துக்கு நடுவே அப்பா காயைத் தூக்கினார். பாதியில் நின்றது. அவர் மூச்சு வாங்கத்தான் நிறுத்தினார் என்பது வீட்டில் எங்களுக்குத் தெரியும், அங்கே யாருக்குத் தெரியும்? அப்பாவோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிட்ட கூட்டாளி கோவிந்தன் சித்தப்பா கண் கலங்கி, “நீ எதுக்குண்ணே கஷ்டப்படறே, குடுண்ணே” என்று காயை வாங்கி ஓங்கி உடைத்துவிட்டார். பாவி மனுஷர்! உடைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதலாளி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், “சரி, சாமி விட்ட வழி” என்றார்.

மெஷின் சித்தப்பா கைக்குப் போனது, அப்பாவுக்கு உமி கூட்டுகிற வேலை கிடைத்தது. அதன்பிறகு அவர் ஒத்தடத்துக்குக் கையை நீட்டவே இல்லை. அடுத்த பூஜைக்குள் விரல்கள் கட்டையாகிவிட்டன.

இப்போது மில் இருந்த இடத்தில் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் நிற்கிறது. அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. சாகும்வரை சித்தப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணனால அன்னைக்கு முடிஞ்சிருக்காது, இல்ல பாப்பா?” என்று கேட்பார்.

“முடிஞ்சிருக்காது சித்தப்பா” என்றே சொல்லிவந்தேன். முடிந்திருக்கும். காலையில்தான் நான் பார்த்தேனே.