கையெழுத்துப் போட்டு வரும் வரை

கிளியம்மாள் மீன் வெட்டும்போது மீனைப் பார்ப்பதில்லை. அரிவாள்மணையில் வவ்வாலோ சங்கராவோ தன்பாட்டுக்குத் துண்டாகிக்கொண்டிருக்கும். கண் மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம், தாம்பரம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருக்கும். உள்ளே அவள் புருஷன் தாமோதரன் கையெழுத்துப் போடுகிறார். அவர் படியிறங்கிய பிறகுதான், "இன்னாக்கா கேட்டே, தலையும் வேணுமா?" என்று எதிரே நிற்பவளிடம் திரும்புவாள்.

கோவளத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் அவர்களுடையது. வலை அறுந்த தகராறில் ஒருவன் மண்டை உடைந்தது. தாமோதரன் உள்ளே போனார். ஜாமீனுக்கு ஆள் தேடிச் சொந்தக்காரர் வாசலெல்லாம் ஏறி இறங்கினாள். கை கொடுத்தவர் சொந்தமே இல்லை. தாம்பரம் பக்கம் கூடை தூக்கி வரும் அவளிடம் மீன் வாங்கும் இரும்புலியூர் ஜீவரத்தினம். வயலை மனைபோட்டு விற்றுவிட்டு மாடிவீடும் கலர் டி.வி.யுமாக இருப்பவர்.

"நாம கோர்ட்டுப் படியே ஏறுனதில்ல. அந்த ஆளு ஓடிட்டா நம்ம வீடு இன்னா ஆவறது?" என்று அவர் மனைவி அங்காளம்மாள் கத்தினாள்.

"கிளி என்னைக்காவது கெட்ட மீன் குடுத்திருக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஜாமீன் கிடைத்த அன்றே ஆள் வந்துவிடும் என்று கிளியம்மாள் சிறை வாசலில் இருட்டும்வரை நின்றாள். உத்தரவு போய்ச் சேர மறுநாள் ஆயிற்று. வந்தவரும் பழைய ஆளாக இல்லை. குப்பத்துக்குப் போகக் கூடாது, தினமும் தாம்பரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கோர்ட்டு கண்டிஷன். பெருங்களத்தூரில் தங்கை பொன்னி வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். அலைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர் ரயில் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்தார். கதவைச் சாத்தவிடமாட்டார். சோற்றை மெல்லாமல் விழுங்குவார்.

இப்போது ஸ்டேஷன் பக்கம் எந்தப் பெண்ணாவது, "ஜாமீன் கெட்சிச்சிக்கா, நாளைக்கு வந்துடுவாரு" என்று பூரித்தால், கிளியம்மாள் சொல்வது ஒன்றுதான்: "ஒடம்பு மொதல்ல வரும்மா. மன்சு மெதுவாத்தான் வரும். கேள்வி கேட்டு பேஜார் பண்ணாத. சோத்தப் போட்டுட்டு பக்கத்துல குந்திக்கினு இரு."

போன கார்த்திகை மழையில் தாமோதரனுக்குக் காய்ச்சல் கொதித்தது. சாலையில் முழங்கால் தண்ணீர்; பஸ் இல்லை. ஒரு நாள் தவறினாலும் ஜாமீன் ரத்தாகலாம். தெருக்கோடியில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை இரவல் வாங்கி, அவரைப் படுக்கவைத்து, தார்ப்பாயைப் போர்த்தித் தள்ளினாள். இரும்புலியூரை நெருங்கும்போது எதிரே குடையோடு ஜீவரத்தினம் வந்தார். ஆள் ஓடிவிட்டாரா என்று பார்க்கத்தான் வருகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துக்குத்தான் நைனா போறோம்! பாரு, இங்கதான் கீறாரு!" என்று தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினாள்.

"மூடும்மா, நனையறாரு. இந்தத் தண்ணியில எப்படிக் கூட்டிட்டு வருவியோன்னுதான் வந்தேன்."

குடையைத் தாமோதரன் கையில் கொடுத்தார்; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் தோள் கொடுத்தார்.

ஸ்டேஷன் ரைட்டர் இவர்களைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் புத்தகத்தை நனையாமல் அணைத்துக்கொண்டு வண்டிக்கே வந்தார். தாமோதரன் படுத்தபடியே போட்டு முடித்தார்.

திரும்பும்போது ஜீவரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. நன்றி சொல்லத்தான் கிளியம்மாள் வாயைத் திறந்தாள்; வந்ததோ அதட்டல்தான்.

"ஏறிக் குந்து நைனா!"

"வேணாம்மா, நான் நடந்தே..."

ஜாமீனில் வந்ததிலிருந்து யாரிடமும் தானாகப் பேசாத தாமோதரன், மெல்ல நகர்ந்து இடம் விட்டார். "குந்து நைனா" என்றார்.

செதில் ஒட்டிய பலகையில் ஜீவரத்தினம் காலை மடக்கி உட்கார்ந்தார். இரண்டு தலைகளும் ஒரே குடைக்குள் வந்ததைப் பார்த்துக்கொண்டு, கிளியம்மாள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, ஜி.எஸ்.டி. ரோட்டுத் தண்ணீரில் வண்டியைத் தள்ளினாள்.